ஆற்றுக்குப் போகும் சந்து

என் பிரிய மச்சான் லூர்துக்கு,

நீ போன பிறகு வந்த இரண்டாவது மழை இது. கெடிலத்தில் தண்ணீர் வந்துவிட்டது. காலையில் மூட்டமாக இருக்கும்போது எதிர்க்கரை தெரிவதில்லை. அந்தப் பக்கம்தான் நீ இருக்கிறாய் என்று எனக்கு ஒரு நினைப்பு. அதனால் கரையில் நின்று கூப்பிடுகிற மாதிரி இதை எழுதுகிறேன். கேட்கிறதா?

நம் தெருவுக்குப் பின்னால் ஆற்றோரமாக, அடுக்குமாடி வீடும் கடைகளும் பூங்காவுமாய் ஒரு பெரிய திட்டம் வரப்போகிறது என்று நீ இருக்கும்போதே பேச்சு அடிபட்டதே, அது நிஜமாகவே வருகிறது. தெருவுக்கு என்ன தருவார்கள் என்று கம்பெனிக்காரர்களிடம் பேச நீதான் முன்னால் நின்றாய். நீ போனதும் உன் நாற்காலியில் என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். என் ஸ்பீக்கர்களை உன் லோடு ஆட்டோவில் ஏற்றிய நாளிலிருந்து, "ஊருக்கெல்லாம் மைக் செட்டு குடுக்குற, உனக்குத்தான் வாயே இல்ல மச்சான்" என்று கிண்டல் செய்வாயே, அந்த என்னைத்தான்.

குடிதண்ணீர்த் தொட்டி, சமுதாயக் கூடம், பிள்ளைகளுக்கு வேலை, எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள். ஒன்றுக்கு மட்டும் ஆட்டவில்லை. உன் வீட்டை ஒட்டி ஆற்றுக்குப் போகிறதே, அந்தச் சந்து. உன் ரீட்டா அதில்தான் தினமும் இறங்கி, கையால் தடவி இறால் பிடிக்கிறாள். இப்போது உன் வீட்டில் உலை கொதிப்பது அந்த இறாலில்தான். தை மாதம் ஆற்றுத் திருவிழாவுக்குச் சாமிகள் இறங்குவதும் அதே வழிதான். மேனேஜர் நல்ல பிள்ளைதான். ஆனால், "வழி கண்டிப்பா இருக்கும் சார், அக்ரிமெண்ட்ல மட்டும் எழுத வேணாமே" என்று நழுவினார்.

பூங்கா எப்படி இருக்கும் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார்கள். கம்ப்யூட்டரில் செய்ததாம். மச்சான், அது நம் இடமா என்றே எனக்குப் புரியவில்லை. ஆறு நீலமாக ஓடுகிறது. புல்தரையில் யார் யாரோ நடக்கிறார்கள், ஒருவருக்கும் நிழல் இல்லை. ரீட்டா என் காதோரமாக, "அண்ணே, இதுல ஒருத்தர்கூட லுங்கி கட்டலியே, நம்ம ஆளுங்கல்லாம் எங்க போனாங்க?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் நானும் அதில் ஒரு லுங்கியைத் தேடினேன்.

கீரப்பாளையத்தில் ஒரு கல்யாணத்துக்கு செட் போட்டுவிட்டு, சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறினேன். நீ கடைசியாகப் படுத்திருந்த ஆஸ்பத்திரி வரும்போது எப்போதும் போலக் கண்ணை மூடிக்கொண்டேன். அப்படியே தூங்கிப்போனேன். கனவில் அந்தப் படத்துக்குள்ளே நீ நடந்து போகிறாய். அதே கட்டம் போட்ட லுங்கி, முதுகுக்குப் பின்னால் கட்டிய கை. நீ கால் வைத்த இடமெல்லாம் புல் ஈரமாகிறது. சந்து இருக்க வேண்டிய இடத்தில் கம்பி வேலி. நீ என்னைத் திட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. யாராவது திறந்துவிடுவார்கள் என்று காத்திருக்கிறவன் மாதிரி அங்கேயே நின்றாய்.

மறுநாள் படத்தை மறுபடி போடச் சொன்னேன். வேலி இருந்தது, அதில் கேட்டே இல்லை. முன்பே கண்ணில் பட்டிருக்கும், மனசில் ஏறியிருக்காது. இல்லை, நீதான் வந்து காட்டினாயா?

சந்து எழுத்தில் வராமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்றதும் தெருப் பிள்ளைகள் என்மேல் பாய்ந்தார்கள். "ஒரு சந்துக்காவ வேலைய உடச் சொல்றியா மாமா?" வேலைக்குப் பெயர் கொடுத்தவர்களில் என் மகனும் இருந்தான். அவன் எழுந்து போய்விட்டான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது மச்சான்.

எப்படியும் கையெழுத்து வாங்கிவிடலாம் என்ற நம்பிக்கையில் கம்பெனியே நாள் குறித்துப் பந்தல் போட்டது. மைக் செட் என்னுடையது. நம் பக்கத்து வழக்கம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல, பழம், வெற்றிலை பாக்கு, பூ, புடவை என்று தட்டு வரிசையோடு வந்து இறங்கினார்கள். தட்டு கைமாறினால் நிச்சயமே முடிந்தது, அதற்குமேல் பேச்சில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. உங்கள் கோயிலாகட்டும் எங்கள் கோயிலாகட்டும், தட்டு விஷயத்தில் நமக்குள் வித்தியாசம் ஏது?

மேனேஜர் முதல் தட்டை ரீட்டாவிடம் நீட்டினார். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் நின்றவளும் கட்டிக்கொண்டாள். அப்புறம் வரிசை முழுக்க. உன்னையே வரிசையாக நிறுத்தி வைத்தது போல இருந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

"வாங்கிக்கங்கம்மா, ஒரு மரியாதைக்குத்தான்."

"மரியாத தெரிஞ்சதாலதான் சார் வாங்கல. சந்த எழுதிட்டு வாங்க, தட்ட வாங்கிக்கறோம்."

அது தெருக்கோடி வரைக்கும் கேட்டது. அவள் முன்னால் மைக்கைப் பிடித்தது யார் என்று நினைக்கிறாய்?

பாவம் அந்த மேனேஜர், வெயிலில் தட்டோடு நின்றுவிட்டுப் போனார். பிறகு இழுத்தடித்தார்கள். கடைசியில் சந்து எழுத்தில் வந்தது, பூட்டுப் போடாத கேட்டோடு. அதற்குப் பதிலாகச் சில வேலைகளைக் குறைத்தார்கள். போன பெயர்களில் என் மகன் பெயரும் ஒன்று. அவன் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எதிரே உட்கார்ந்து குனிந்தபடியே சாப்பிட்டுப் போகிறான். நீ பேசியிருந்தால் இரண்டையும் வாங்கியிருப்பாயோ?

திருத்திய படத்தைக் கொண்டுவந்த அன்றைக்கு மேனேஜர், "வேற எதுனா சேக்கணுமா சார்?" என்றார். "ஒரு லுங்கிக்காரர போடுங்க தம்பி" என்றேன். சிரித்துவிட்டு, மெனக்கெட்டுப் போட்டும் விட்டார். சந்தில் ஆற்றைப் பார்த்து நடக்கிறார். லுங்கியில் கட்டம்தான் சரியாக வரவில்லை.

தட்டையும் ரீட்டா வாங்கிக்கொண்டாள். அந்தப் புடவையைத் தைக்கு எடுத்து வைத்திருக்கிறாள்.

திருவிழாக் கூட்டத்தில் தொலைந்தவர்களை மைக்கில் கூப்பிடுவது என் வேலைதானே. இந்தத் தையில் செட்டை உன் சந்து வழியாகவே இறக்கி, சுருளிக்கிழங்குக் கடைகளை ஒட்டிக் கட்டுவேன். ஒரு ஸ்பீக்கரை எதிர்க்கரைப் பக்கம் திருப்பி வைப்பேன். முதல் அறிவிப்பு உனக்குத்தான், இது சத்தியம்: "லூர்து எங்கிருந்தாலும் உடனே ஆற்றுக்கு வரவும். கேட் திறந்துதான் இருக்கிறது."

ரீட்டாவுக்கு அண்ணனும், அதனாலேயே உனக்கு என்றைக்கும் மச்சானுமான
மைக் செட் தனசேகர்