இளவரசரின் கடைசிக் கிழமை

1993 பெப்ரவரி 8, திங்கள்
பனி. மல்வேர்ன் பஸ் தாமதம். அஜின்கோர்ட்டில் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது இளவரசர் தானே சவரம் செய்து முடித்திருந்தார். தாடையில் சின்ன வெட்டு.

அவர் இளவரசர் என்பது வேலைக்கு வந்த புதிதில் தெரியாது. இருதய நோய்க்காரர், தனியாள், சமைத்துத் துடைத்துக் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்லி அனுப்பினார்கள். பிறகு அவரே சொன்னார். கிழக்கு ஐரோப்பாவில் ஒரு சின்ன நாடு. இருபது வயதில் துரத்திவிட்டார்கள். இங்கே வந்து ஓய்வு பெறும்வரை கடையில் ஃபிரிட்ஜ் விற்றவர். மனைவி போய்விட்டார். பிள்ளைகள் இல்லை.

பாரிசிலிருந்து தமக்கையின் மகன் போன். நாட்டில் ஆட்சி மாறிவிட்டதாம், வந்து ஒரு விழாவில் நிற்கட்டாம்.
"போவீர்களா?" என்று கேட்டேன்.
"மாடத்தில் நின்று கையசைக்கச் சொல்வார்கள். எனக்கு ஃபிரிட்ஜ் விற்கத்தான் தெரியும்."

10, புதன்
வாங்க: பால், பாண், அவருக்குக் கண்மருந்து, எனக்குக் கையுறை.

தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டார், என் அப்பா சாகும்போது நான் எங்கே என்று. இங்கேதான். யாழ்ப்பாணத்திலிருந்து கடிதம் வர எல்லாம் முடிந்துவிட்டது. அவருடைய தகப்பன் சிறையில் செத்தவர். எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாதாம்.
தேத்தண்ணி ஆறிவிட்டது.

12, வெள்ளி
கதவைத் திறந்தேன். கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தபடி அவர். கை குளிர்ந்து போயிருந்தது.

அம்புலன்ஸ். பொலிஸ். பாரிசுக்கு நான்தான் போன் எடுத்தேன். தமக்கையின் மகன் கேட்ட முதல் கேள்வி, "அரச மோதிரம் விரலில் இருக்கிறதா?"
இருக்கிறது என்றேன்.

இரவு சாப்பிடவில்லை. வீட்டுக்கார அன்ரி என் அறைக்கு இறங்கி வந்தார். "பிள்ளை, உது வேலைதானே. இப்பிடி அழுறதே?"
"ஓம் அன்ரி, வேலைதான்."

16, செவ்வாய்
அடக்கம். கடும் குளிர். தேவாலயத்தில் நாங்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குகிற ஆட்கள். மிச்சம் எல்லாம் இருக்க ஆளில்லாத வாங்கு வரிசை.

பாரிஸ்காரர் படம் பிடிக்க ஒருவரையும் கூட்டி வந்திருந்தார். சிக்காகோவிலிருந்து இளவரசரின் ஒன்றுவிட்ட தம்பி வந்திருந்தார். பெட்டிக்குப் பக்கத்திலேயே தொடங்கிவிட்டார்கள், இனிப் பட்டம் யாருக்கு என்று. மெல்லிய குரல், ஆனால் முகம் இரண்டும் சிவப்பு. கடைசியில் சிக்காகோக்காரர் மேலங்கியை எடுத்துக்கொண்டு வெளியே போய் டாக்ஸி பிடித்துவிட்டார்.

பெட்டி தூக்க ஓராள் குறைவு. அடக்கம் செய்பவர் சுற்றிப் பார்த்தார்.

எங்கள் பக்கம் பெண்கள் சுடலைக்கே போவதில்லை. எழும்பிப் போய்ப் பெட்டியைப் பிடித்தேன். யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. நினைத்ததைவிடப் பாரம். படியில் சறுக்கப் பார்த்தது, விடவில்லை.

வீட்டுக்கு வந்து அன்ரியிடம் சொன்னேன். சோற்றுப் பானையை அடுப்பில் வைத்தார். பிறகு, "முழுகிப்போட்டு வா. சோறு போடுறன்."

17, புதன்
இனிப் பார்த்துக்கொள்ள வேண்டிய புது ஆள் மார்க்கம் என்கிற ஊரில். இரண்டு பஸ் மாற வேணும்.
பெட்டி பிடித்த வலது தோளில் நோவு. எண்ணெய் பூசிவிடுகிறேன் என்றார் அன்ரி.
வேண்டாம் என்றேன். அந்த நோவு இருக்கட்டும்.