வடக்குப் பக்கத்துக் களிமண்

ஜீயபுரம்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மணிமேகலைக்கு,

சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், நம் கொல்லையில் வெட்டிய புதுக் குளத்துக்குக் குடிவந்த தவளை ஒன்று மூன்றே நாளில் வீட்டைக் காலி செய்துவிட்டது. (இதை எழுதுவது உன் தம்பி ஹரிஹரசுதன், அக்கா. அப்பாவுக்கு வலது கையில் இன்னும் பேனா நிற்கவில்லை, அவர் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் என் சரக்கு. குளத்துக்குத் தலைமை இன்ஜினியரும் நானே.)

நானும் அம்மாவும் இங்கே நல்லபடியாக இருக்கிறோம் தாயி, மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் அப்படியே இருக்கணும். போனில் சொன்னால் அழுவாய், அதனால்தான் கடிதம். பக்கவாதம் வந்தபிறகு சும்மா உட்கார முடியவில்லை, மே மாதம் பேரன் வந்தால் மீன் காட்டலாம் என்று கொல்லையில் குளம் வெட்டவைத்தேன், அடியில் காவிரி மணல், தண்ணீர் நிற்காது, சிமெண்ட் பூசலாம் என்றான் டிராக்டர்கார சரவணன், நான்தான் களிமண் போதும் என்று பிடிவாதம் பிடித்து ஏரியிலிருந்து டிராக்டரில் அடிக்கச் சொன்னேன். ஒரு சாண் கனம், மூன்று அடுக்கு, தென்னையில் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு இந்த இழுக்கிற காலாலேயே மிதித்தேன். பாலக்கரை டாக்டர் நடக்கத்தானே சொன்னாரு, சேத்துல கூத்தாடவா சொன்னாருன்னு அம்மா திட்டிக்கொண்டே, மண் வெடிக்காமலிருக்க ஈரச்சாக்கு போட்டு மூடினாள். (வடக்குப் பக்கம் முழுக்க மிதித்தது நான். அங்கே ஒரு சொட்டு கசியாது, எழுதியே தருகிறேன்.) தண்ணீர் விட்ட மூன்றாம் நாள் வெறும் சேறு. என் கால் அழுத்தவில்லை, வேறென்ன. ஒரு வேலையை முடிக்கிற உடம்பு இனி இல்லை. வியாழக்கிழமை சரவணன் மண் தள்ளி மூடிவிடுவான். பேரனிடம் மீன் கதை சொல்லியிருந்தால் மெல்ல மறக்கடித்துவிடு. வெயிலில் அவனை விடாதே, நீயும் வேளைக்குச் சாப்பிடு, இரும்புச்சத்து மாத்திரையை மறக்காதே. செல்லாண்டியம்மன் உங்கள் மூவரையும் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா வீரமலை
(இடது கையால் அவரே போட்ட கையெழுத்து)

அக்கா, இனி அடைப்புக்குறி வேண்டாம். தண்ணீர் விடுவதற்கு முந்தின நாள் மத்தியானம், அப்பா தூங்கும்போது சாக்கை விலக்கிவிட்டு குளத்துக்குள் கிரிக்கெட் ஆடி வீடியோ எடுத்தேன். வடக்குப் பக்கம் மூன்று ஸ்டம்ப், ஈரமண்ணில் வழுக்கிக்கொண்டு அடிமணல் வரை இறங்கின. பிடுங்கிய குழிகளில் மணலைப் போட்டு மேலே தடவிவிட்டேன். இன்று காலை பார்த்தால் அந்த மூன்றும்தான் உள்வாங்கிக் கிடக்கின்றன. மற்றபடி அப்பா மிதித்த மண்ணில் எங்கும் ஒரு கீறல் இல்லை. வடக்குப் பக்கத்தை மிதித்ததும் அவர்தான், நான் கரையில் உட்கார்ந்து போன் பார்த்தேன்.

இவ்வளவு நேரமா என்னடா எழுதுறே, முழுசா வாசிச்சுக் காட்டு என்கிறார் அப்பா. இந்த வரி வரைக்கும் வாசிக்கப்போகிறேன்.