நீர் கேளாதிரும், அரசே

தண்ணீரூற்று
20.1.57

அன்பின் செல்வம்,

பளைக் காற்று உன் சுகத்தைக் கெடுக்காமல் வைத்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். கந்தோர்க் கதிரையில் இருந்து இருந்து இப்போது வயிற்றில் வண்டி வைத்திருப்பாய். இங்கே காலபோக நெல் வெட்டு தொடங்கிவிட்டது.

ஒரு செய்தியை நீ என் வாயால்தான் கேட்கவேண்டும். பங்குனியில் கோயில் வெளியில் கேசரிராசன் கூத்து. உனக்கு லீவு இல்லை என்று நீயே எழுதிவிட்டாய். ஏழு வருடம் நீ ஆடிய ராசா வேஷத்தை யோகலிங்கத்துக்குக் கொடுத்திருக்கிறேன். கோபிக்காதே. மந்திரியின் பேச்சைக் கேட்டு, ஒரு பாவமும் அறியாத அரசியைக் கொன்றபின் ராசா பாடுகிற பாட்டை நேற்று அவனிடம் பாடச் சொன்னேன். மத்தளத்தில் கை வைக்க எனக்கு மறந்து போயிற்று. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் என்று பெயர் எடுத்துப் பன்னிரண்டு வருடமாக இந்தப் பாட்டுக் கொப்பியைக் காவித் திரிகிறேன். அந்தப் பாட்டுக்குள் இவ்வளவு இருந்ததென்று எனக்கே தெரியாது.

இன்னொன்று. தங்கச்சி கமலாசனியை அவனுக்கே கொடுக்கலாம் என்று நினைக்கிறேன். அவளிடம் கேட்டால் சிரித்துக்கொண்டு குசினிக்குள் ஓடுகிறாள். கூத்து முடிய நாள் பார்ப்போம்.

வழக்கம்போல் உடுப்புக்குச் சீலை சேர்க்க வீடு வீடாகப் போனேன். உன் அக்கா இலட்சுமி வாசற் படலையில் நின்று, "என்ர கலியாணக் கூறைச் சீலை பெட்டிக்குள்ள கிடந்து மக்குது ஐயாத்துரை, அரசிக்குக் கட்டக் கொண்டு போவன்" என்றா. புருஷனை இழந்தவரின் கூறையைக் கூத்துக்கு எடுப்பதில்லை என்பது என் ஐயா வைத்த சட்டம். சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிட்டேன். மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

மந்திரி வழக்கம்போல் அப்புத்துரை அண்ணைதான். "நான் ஒன்றும் சொல்லேன், நீர் கேளாதிரும் அரசே" என்று அவர் குழைகிறபோது, ஒத்திகை பார்க்க வந்த சனம் இப்பவும் பல்லைக் கடிக்கிறது.

உன்
ஐயாத்துரை


பளை
3.2.57

அன்பின் ஐயாத்துரை,

உன் கடிதம் கண்டு மகிழ்ச்சி. யோகலிங்கத்துக்கு வேஷம் கொடுத்தது நல்ல முடிவு. எனக்கு ஒரு துளி மனவருத்தமும் இல்லை. இருந்தால் உன்னிடம் மறைப்பேனா? நல்ல குரல், நல்ல பிள்ளை. அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

கமலாசனி என் கண்முன்னே வளர்ந்தவள். அதனால்தான் கலியாணம் என்று வாசித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். ஒன்றுமில்லை, காதில் விழுந்த ஒரு கதை. ஊர்க் கதையெல்லாம் நம்பினால் ஒருவரோடும் பழக முடியாது. நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயும் கேளாதே.

உன் நன்மையையே நினைக்கும்
செல்வநாயகம்


தண்ணீரூற்று
9.2.57

அன்பின் செல்வம்,

என்ன கதை? உன் கடிதத்தில் நீ எழுதாமல் விட்ட வரியைத்தான் பத்துத் தரம் வாசித்தேன். என் தங்கச்சியின் வாழ்க்கை இது. நம் சிநேகிதத்தின் மேல் ஆணை, மறைக்காமல் எழுது.

ஐயாத்துரை


பளை
16.2.57

அன்பின் ஐயாத்துரை,

நீ ஆணையிட்டதால் எழுதுகிறேன். யோகலிங்கம் ஒருநாள் பொழுதுபடுகிற நேரம் ஒரு வீட்டின் பின்படலையால் வெளியே வந்தானாம். கக்கத்துக்குள் ஒரு பார்சல். அதிலிருந்து சிவப்புப் பட்டு எட்டிப் பார்த்ததாம். ஆண் துணை இல்லாத வீடு. யார் வீடென்று மட்டும் கேட்காதே. ஒரு பெண்ணின் பெயரைக் கடிதத்தில் எழுதுகிற ஆள் நானில்லை. அவனிடமே கேட்டுப் பார். மறைப்பான், முகம் சொல்லும்.

இதற்காக வேஷத்தைப் பறித்துவிடாதே. பறிப்பதென்று நீ முடிவெடுத்தால், கந்தோரில் காலில் விழுந்தாவது லீவு எடுத்து வந்து கைகொடுப்பேன்.

செல்வநாயகம்


தண்ணீரூற்று
5.3.57

அன்பின் செல்வம்,

நீ சொன்னபடியே நடந்தது. கேட்டேன். முகம் கறுத்துப் போயிற்று. "அண்ணை, அதை இப்ப சொல்லேலாது. கூத்தண்டைக்குப் பாருங்கோ" என்றான். எதைப் பார்ப்பது? கலியாணப் பேச்சை அன்றைக்கே நிறுத்திவிட்டேன்.

கமலாசனி சரியாகச் சாப்பிடுவதில்லை. "அண்ணை, நீங்கள் ஆரின்ரை கதையைக் கேட்டனீங்கள்?" என்று ஒரேயொரு தரம் கேட்டாள். "ஒருத்தற்றை கதையும் இல்லை" என்றேன். என் தங்கச்சிக்கு நான் சொன்ன முதல் பொய் அதுதான்.

வேஷத்தை உனக்கே திருப்பித் தரப் பார்த்தேன்; கோயிலார் சம்மதிக்கவில்லை. கூத்து முடிந்த கையோடு அவனை என் வளவுப் பக்கம் அண்டவிடேன். நீ இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன்!

ஐயாத்துரை


தண்ணீரூற்று
2.4.57

செல்வம்,

கூத்து முடிந்து மூன்று நாளாகிறது.

விடிய இன்னும் சொற்ப நேரம் இருந்தது. அரசி சாகிற கட்டம். அரசி வேஷம் போட்ட பாலன் களரிக்குள் வந்தான். சிவப்புக் கூறைச் சீலை கட்டியிருந்தான். நான் சேர்த்த சீலைகளில் அது இல்லை. முன்னுக்கு இருந்த உன் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதா. அவவைப் பார்த்தேன், சீலையைப் பார்த்தேன், யோகலிங்கத்தைப் பார்த்தேன். பாட்டின் முதலடியை நான் எடுத்துக் கொடுக்கவில்லை. மத்தளமும் நின்றுவிட்டது.

அண்ணாவியார் முதலடி எடுத்துக் கொடுக்காமல் ராசா பாடுவதில்லை. அது உனக்குத் தெரியும். யோகலிங்கம் திரும்பி என்னைப் பார்த்தான். நான் உடைந்து போனதை அவன் கண்டுவிட்டான். பிறகு தாளமும் இல்லாமல், அடி கொடுக்க ஆளும் இல்லாமல், வாளை மண்ணில் வைத்துவிட்டு, அரசியின் சீலைத் தலைப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பாடினான்: "கேட்டேனே, கேட்டேனே, காதாலே கொன்றேனே."

செல்வம், அந்த இடத்தில் நீ நெஞ்சில் அடித்து அழுவாய், சனம் ஆர்ப்பரிக்கும். இவன் அழவில்லை. பெரிய மரமொன்று சரிகிற மாதிரி மெல்லச் சரிந்தான். அவ்வளவு பெரிய ராசா, ஒரு பொய்யால் மண்ணில் கிடந்தான். சூரியன் வந்து அவன் முடியில் பட்டது. ஒருவரும் எழும்பவில்லை. வயதானவர்கள் தோளில் இருந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டினார்கள், சாமிக்கு முன்னால் நிற்பதுபோல. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இப்போது எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

மந்திரியின் பாட்டை எத்தனை பேருக்கு நான் சொல்லிக் கொடுத்திருப்பேன்! அதே பாட்டுத் தபாலில் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

பிறகு உன் அக்காவிடம் போனேன். "உன்ர சட்டத்துக்குப் பயந்துதான் ஒளிச்சுக் கொண்டு போனவன்" என்றா. "கூறை ஒருக்காலெண்டாலும் வெளிச்சம் பாக்கட்டும் அக்கா எண்டு அவனே வந்து கேட்டவன். தம்பி செல்வத்துக்கு அப்பவே இதெல்லாம் எழுதினனானே, உனக்குச் சொல்லேல்லையே?"

யார் வீடென்று நீ ஏன் எழுதவில்லை என்பது அப்போதுதான் விளங்கிற்று.

யோகலிங்கத்தின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். "ராசாவுக்கு எல்லாம் முடிஞ்ச பிறகுதான் விளங்கினது. உங்களுக்கு நேரத்தோடை விளங்கிட்டுது அண்ணை, கலியாணத்துக்கு நாளைப் பாருங்கோ" என்றான். வைகாசியில் கலியாணம். கமலாசனி இன்னும் என் முகம் பார்த்துப் பேசவில்லை. இன்று காலை தேத்தண்ணீர் மட்டும் கொண்டுவந்து வைத்தாள்.

உன்னைத் திட்டத்தான் பேனையை எடுத்தேன். மண்ணில் கிடந்த அந்த ராசாவைப் பார்த்த பிறகு திட்டு வருகுதில்லை. சொன்னவன் நீ, கேட்டவன் நான். நீ எழுதியதை உன் அக்காவிடம் நான் சொல்லவில்லை. அது உன் வேலை.

அப்புத்துரை அண்ணைக்கு இழுப்புக் கூடிவிட்டது. இனி ஆடமாட்டார். அடுத்த வருடம் மந்திரிக்கு ஆள் வேண்டும். நீ வருவதானால் கொப்பியைப் பார்த்து எழுதி அனுப்பட்டுமா?

ஐயாத்துரை


பளை
19.4.57

ஐயாத்துரை,

கந்தோரில் சொல்லாமல் அன்றைக்கு நானும் வந்திருந்தேன். புளியமரத்துக்குப் பின்னால் நின்றேன். அவன் எங்கே பிழைவிடுவான் என்று பார்க்கத்தான் வந்தேன். அவன் சரிந்தபோது அது என் வேஷம் என்பது மறந்துபோயிற்று. கும்பிட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன்; கையை இறக்கும்போதுதான் தெரிந்தது. முதல் பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இந்தத் தபாலிலேயே அக்காவுக்கும் எழுதியிருக்கிறேன். எல்லாவற்றையும் எழுதினேன். அவ பதில் போடமாட்டா என்று நினைக்கிறேன்.

மந்திரிக்கு வருகிறேன். கொப்பி அனுப்ப வேண்டாம். அது எனக்குப் பாடம்.

செல்வநாயகம்