சுட்டால் சொல்லச் சொன்னாள் கௌரி

மஞ்சக்குட்டை

அன்புள்ள தம்பி சித்தனுக்கு, சேர்வராயன் சாமி உன்னைக் காக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அக்கா காளியாயி எழுதுவது.

நான் நம் ஊட்டுக்கே வந்துவிட்டேன். போனில் நீ "மாமனை வெட்டாம விடமாட்டேன்" என்று கத்தினாயே தவிர, என்னைப் பேச விடவில்லை. அதனால்தான் எழுதி, நீ வேலை பார்க்கும் போர் போடுகிற ரிக் வண்டிக்கு வரும் திருச்செங்கோட்டு டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படி சாமி.

காப்பிப் பழம் பறிக்கும்போது எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஏதோ சொல்ல, நான் சிரித்தேன். அதை ஜீப்பில் போன என் ஊட்டுக்காரன், உன் மாமன், பார்த்துவிட்டான். அன்று சாயங்காலம் குடித்துவிட்டு வந்து, விறகுக் கட்டையைத் தலைக்கு ஓங்கினான். இடது கையைக் குறுக்கே கொடுத்தேன். முழங்கையில் இறங்கியது. வீக்கம் வடிந்தும் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்தே கிடந்தன. பறித்த பழம் விரலிடுக்கில் நழுவிப் போகும்.

முழங்கையில் நரம்பு அழுந்தியிருக்கிறது, சூட்டு வைத்தியம் செய்து பார்க்கலாம், கேட்காவிட்டால் ஆபரேஷன் என்று சேலத்து டாக்டர் சொன்னார். பாறையில் வழுக்கி விழுந்தேன் என்றுதான் அங்கே சொல்லியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் அந்தச் சூடு வைக்கிற பெண் பெயர் கௌரி. வளையலைக் கழற்றி, வேர்வையைத் துடைத்து, முழங்கைக்கு இரண்டு பக்கமும் கரண்டு மெஷினில் மாட்டிய தட்டு மாதிரி இரண்டை வைத்தாள். நெருப்பும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனால் சூடு எலும்பு வரை இறங்குகிறது. "இதமாத்தான் இருக்கணும். சுட்டா உடனே சொல்லுங்கக்கா, நிறுத்திடறேன்" என்றாள். வலித்தால் சொல், நிறுத்துகிறேன் என்று கல்யாணமான நாளாய் என்னிடம் யாரும் சொன்னதில்லை. படுத்தபடியே அழுதுவிட்டேன்.

அடுத்த தடவை போனபோது, "பாறையில விழுந்த மாதிரி தெரியலையே?" என்று மெல்லக் கேட்டாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திரைக்கு அந்தப் பக்கம் உன் மாமன் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

திரையைக் கிழித்துக்கொண்டு வந்தான். கௌரியைச் சுவரில் தள்ளினான். அவள் மண்டை மோதிய சத்தம் கேட்டது. என் தோளை அழுத்திப் பிடித்து, "சூடுதானடி வேணும் உனக்கு" என்று மெஷின் திருகைக் கடைசி வரை திருப்பினான். எலும்புக்குள் நெருப்புக் கங்கைக் கொட்டிய மாதிரி இருந்தது. சுடுகிறது, சுடுகிறது என்று அலறினேன். சிரித்தான். கௌரிதான் தவழ்ந்து வந்து பிளக்கைப் பிடுங்கினாள்.

பக்கத்தில் இரும்பு ஸ்டூல் கிடந்தது. வலது கையால் தூக்கி அவன் வாயில் அடித்தேன். பல் தெறித்தது. விழுந்தான். மறுபடி அடித்தேன். "போதும் காளி, போதும் காளி" என்று கையெடுத்துக் கும்பிட்டான். கேட்டும் அடித்தேன். தாடை உடைந்த சத்தம் கேட்டது, அப்புறமும் அடித்தேன். தலையில் ரத்தம் வழிய கௌரி பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்திராவிட்டால் அன்றே கொலைகாரி ஆகியிருப்பேன்.

அவன் இப்போது போலீஸ் காவலோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கௌரி எனக்காகச் சாட்சி சொல்லியிருக்கிறாள். முழங்கையில் கொப்புளம் ஆறும் வரை சூடு வைக்கக் கூடாதாம். விரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. ஆபரேஷன் செய்ய வேண்டி வரலாம்.

வேறு யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொல்கிறேன். அடிக்கும்போது எனக்கு நொம்ப நன்றாக இருந்தது, தம்பி. அவன் கும்பிட்டபோது இன்னும் நன்றாக இருந்தது. இத்தனை வருஷம் அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நீ கோபக்காரன். கொடுவாளோடு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனால் உன்னைக் கட்டிப்பிடித்து நிறுத்த அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். சேலத்தில் இறங்காதே கண்ணு. நேராக மலைக்கு வா. வெறுங்கையோடு வா. சோறாக்கி வைத்திருப்பேன்.

நீ நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

உன் அக்கா,
காளியாயி