எதிரணி வந்த ஜூலை

ஜூலை 8, செவ்வாய்

பூப்பந்து அணிக்கு இன்று மாலை பயிற்சி தொடங்கியது. ஐந்து பேரும் கோட்டுக்குள் வரிசையாக நின்றார்கள். நன்றாக நின்றார்கள். பந்து எடுத்து வரவில்லை. தேவைப்படாது.

குறுவட்டப் போட்டியில் பூப்பந்துக்குப் பெயர் கொடுக்கும் ஒரே பள்ளி எங்களுடையது. அது தாளாளரின் தொலைநோக்கு. கபடிக்குப் போனால் யாராவது வந்து காலை வாரிவிடுவார்கள். பூப்பந்தில் வருவதற்கே ஆள் கிடையாது. ஆண்டுதோறும் செவ்வாப்பேட்டையிலிருந்து நடுவர் தணிகைவேல் ரயிலேறி வருவார். எங்கள் பையன்கள் சீருடையில் கோட்டுக்குள் நிற்பார்கள். பெயரே கொடுக்காத எதிரணிக்காக அவர் கால் மணி நேரம் காத்திருப்பார், ஒரு விசில் ஊதி வாக்கோவர் அறிவிப்பார், எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவார். கோப்பை எங்களுக்கு. மாவட்டப் போட்டி வரும்போது மட்டும் அணிக்குக் காய்ச்சல் கண்டுவிடும். அந்தக் காய்ச்சல் தாளாளர் அறையிலிருந்து புறப்படுவது.

பழைய தமிழர் தும்பை சூடிப் போரிட்டார்கள், வென்ற பிறகு வாகை சூடினார்கள். நாங்கள் நேரம் கருதி நேரே வாகைக்கு வந்துவிட்டோம்.

கேப்டன் ரிஜ்வான் இப்போது பிளஸ் டூ. ஏழாம் வகுப்பிலிருந்து சாம்பியன். போட்டியில் இதுவரை ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை.

ஜூலை 10, வியாழன்

அட்டவணை வந்தது. எங்கள் பெயருக்கு எதிரே இன்னொரு பெயர்! ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்து அரசுப் பள்ளி. இந்த ஆண்டு புதிதாக அணி சேர்த்திருக்கிறார்கள்.

இரவுச் சாப்பாட்டில் சொன்னேன். மெஸ்ஸில் பெஞ்சு ஒன்று கவிழ்ந்தது, தட்டுகள் தாளம் போட்டன, சாம்பார் வாளியைச் சமையல்காரர் தூக்கிப் பிடித்துக் காப்பாற்றினார். அணிப் பையன் ஜெபா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: “சார், நெஜமாவே எதிர்ல ஆளு நிக்குமா சார்? அடிச்சா திருப்பி அடிப்பானா?” அடிப்பான் என்றேன். “அய்ய, சூப்பரு சார்!”

தாளாளர் கூப்பிட்டனுப்பினார். கோப்பை அலமாரியைப் பார்த்தபடி பேசினார்.

“தோல்வின்னா என்னன்னே தெரியாத பசங்க சார். அவங்க மனசு ஒடிஞ்சிடக் கூடாது. நீங்க போய் அந்தப் பள்ளிக்கூட டீச்சர்கிட்ட பக்குவமாப் பேசுங்க. அவங்களுக்கும் ஏதாச்சும் தேவை இருக்கும். அதைத் தீர்த்து வெச்சிட்டா, எதுக்கு வெயில்ல வந்து அலையப் போறாங்க?”

சரி என்று வந்துவிட்டேன். விடுதிக் காப்பாளன், தமிழாசிரியன், அணி மேலாளன் என்று எனக்கு மூன்று பதவி. இன்று நான்காவதாகத் தூதுவன்.

ஜூலை 13, ஞாயிறு

பழவேற்காட்டுக்கு வேனில் உல்லாசப் பயணம். ஏரியின் வரலாறு பற்றி நான் தயாரித்திருந்த உரையைக் கேட்க யாரும் இல்லை. வேன் நிற்கும் முன்பே குதித்துவிட்டார்கள். இரண்டு சவுக்குக் கம்பு, நடுவே யாரோ உலர்த்தியிருந்த வலை — கேட்டுத்தான் எடுத்தார்களாம் — கரை மணலில் ஒரு கோட்டு தயார்.

பந்தை அடிப்பது கடினம் என்பதை இன்றுதான் கண்டுபிடித்தோம். மஞ்சள் கம்பளிப் பந்து காற்றுக்குச் சொந்தமானது. ஜெபா கிழக்கே அடித்தால் மேற்கே போனது. ஒரு பந்து ஏரிக்குள் விழுந்தது. படகிலிருந்து ஒருவர் அதை எடுத்து, பிழிந்து, “இன்னா தம்பி, எலுமிச்சம்பழமா?” என்று கேட்டுத் திருப்பி எறிந்தார். இன்றைய ஆட்டத்தில் மிகச் சிறந்த வீச்சு அவருடையது.

மதியம் அந்த ஊர்க்காரரான ரிஜ்வானின் அம்மா மரியம் பீவி பெரிய தேக்சாவில் இறால் பிரியாணியோடு வந்தார். “எம்புள்ள வருசா வருசம் ஜெயிக்கிறான், ஒரு வாட்டிகூட வேர்த்துக்கினு வந்து நா பாத்ததில்ல சார்,” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ரிஜ்வான் மட்டும் சிரிக்கவில்லை.

வேனில் திரும்பும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “சார், அடுத்த வருசம் வாப்பா என்ன கடைல குந்த வெச்சிருவாரு. எனக்கு இதான் கடைசி. தோத்தாலும் பரவால்ல சார். ஒரே ஒரு மேட்சு ஆடிரணும். அவங்க வருவாங்கல்ல?”

நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். பார்க்க ஒன்றுமில்லை, உப்புக் காற்றும் இருட்டும்.

ஜூலை 16, புதன்

தூக்கம் வரவில்லை. நாளை போயாக வேண்டும். போய் இன்னான்னு சொல்றது? ‘வராதீங்க’ன்னா? முயற்சி திருவினையாக்கும்னு காலைல தானே ஒன்பதாங் கிளாசுக்கு நடத்துனேன் — அதே வாயால?

ஜூலை 17, வியாழன்

போய் வந்தேன்.

உடற்கல்வி ஆசிரியை சுமலதா. வெயில் தொப்பி, கழுத்தில் விசில், பேச்சில் வேகம். மைதானத்தில் கோட்டுக் கோடுகள் கோலமாவில் போட்டிருந்தன. பையன்கள் முறை வைத்து ஆடிக்கொண்டிருந்தார்கள். கேப்டன் லோகு, ஒல்லி, அம்மா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை. அவன் அடித்தால் பந்து சத்தம் போட்டது. பந்துக்குச் சத்தம் உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது.

நான் பக்குவமாக ஆரம்பிப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். “வர்றதா வேணாமான்னே தெரியல சார். பேட்டு மூணுதான் உருப்படியா இருக்கு. ஆளுக்கொண்ணு இல்லாம எப்படிப் போறது? பேசாம பேரை எடுத்துடலாம்னு பாக்குறேன்.”

தூதுவன் ஒருவனுக்கு இதைவிட நல்ல வரவேற்பு வரலாற்றில் கிடைத்திருக்காது. ‘அதுவும் சரிதான் மேடம்’ என்று மூன்று சொல் சொன்னால் போதும், தேநீர் குடித்துவிட்டு வந்துவிடலாம். லோகு பந்தை உயரே போட்டு, பேட்டுக்காக அடுத்தவனிடம் கை நீட்டினான். பேட்டு வருவதற்குள் பந்து கீழே விழுந்துவிட்டது.

எங்கள் பொருளறையில் பூப்பந்து பேட்டுகள் உறை பிரிக்காமல் இருக்கின்றன என்று சொன்னேன். சாயங்காலம் ஐந்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

“பேசினீங்களா?” என்றார் தாளாளர்.

“பேசினேன்.”

“ஏதாச்சும் தேவை இருந்துச்சா?”

“இருந்தது. தீர்த்து வைத்துவிட்டேன்.”

“பிரமாதம் சார்,” என்று கை குலுக்கினார். நான் பொய் சொல்வதில்லை.

ஜூலை 23, புதன்

எழுதுகிற கை வலிக்கிறது. தோளில் ஆளைத் தூக்கிய கை.

முறையாகச் சொல்கிறேன். பத்து மணிக்கு ஆட்டம். பத்தாகியும் எதிரணி வரவில்லை. தாளாளர் புன்னகையோடு நாற்காலியில் சாய்ந்தார். தணிகைவேல் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். சுமலதா போனில் அழைத்தார். ரயில்வே கேட் மூடியிருந்ததால் சுற்றி வந்தார்களாம், புதுவாயல் கூட்டு ரோட்டில் கன்டெய்னர் லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதாம், ஷேர் ஆட்டோ நகரவில்லையாம். “எறங்கி ஓடி வந்துக்கினு இருக்கோம் சார்!”

தணிகைவேலிடம் சொன்னேன். “விதின்னு ஒண்ணு இருக்கு சார்,” என்றார் அவர். மெஸ்ஸிலிருந்து வடை வாசனை வந்தது.

ரிஜ்வான் என்னைப் பார்த்தான். பிறகு ஜெபாவைப் பார்த்தான்.

“சார், வவுத்த வலிக்குது,” என்று ஜெபா கோட்டை விட்டு வெளியேறிக் கழிப்பறைப் பக்கம் போனான்.

எங்கள் பையன்களுக்கு ஆடத் தெரியாது. ஆனால் வாக்கோவர் விதிகளை அவர்களைவிட நன்றாக அறிந்த அணி இந்தியாவில் இருக்க முடியாது. விசில் ஊதும்போது நிற்கிற அணி ஐந்து பேராக நிற்க வேண்டும். நான்கு பேருக்கு வாக்கோவர் கிடையாது. தணிகைவேல் விசிலை வாயிலிருந்து எடுத்தார். ஜெபா மெதுவாகத் திரும்பி வந்தான். அவன் கோட்டுக்குள் கால் வைத்த அதே நேரம் இன்னொருவனுக்கு ஷூ கயிறு அறுந்துபோக, வேறு கயிறு தேட விடுதிக்கு ஓடினான். அவன் வந்ததும் மூன்றாமவனுக்கு மயக்கம். நிழலில்தான் மயங்குவேன் என்று வேப்பமரத்தடி வரை நடந்துபோய் மயங்கினான்.

“இன்னா சார் இது, பேஜாரா கீது!” என்றார் தணிகைவேல். “இத்தினி வருசத்துல இப்படி ஆனதே இல்லியே!”

“தட்பவெப்பம்,” என்றேன்.

தாளாளர் எழுந்து நின்றார். அப்போதுதான் வாசலில் புழுதி. லோகு முன்னால், பையன்கள் பின்னால், செருப்பைக் கையில் பிடித்தபடி சுமலதா. எங்கள் ஐந்து பேரும் அடுத்த நொடியே பூரண ஆரோக்கியத்தோடு கோட்டுக்குள் இருந்தார்கள்.

ஆடினோம். ரிஜ்வானின் முதல் சர்வீஸ் வலையில். இரண்டாவதும் வலையில். ஜெபா ஒரு பந்தை நெற்றியில் வாங்கிவிட்டு, “பட்டுச்சு சார்!” என்று பெருமையாகக் கத்தினான். இரண்டாம் செட்டில் லோகு உயரத் தூக்கிக் கொடுத்த ஒரு பந்துக்கு ரிஜ்வான் எம்பினான். அந்தச் சத்தம் கேட்டது. பந்து இரண்டு பேருக்கு நடுவே மண்ணில் இறங்கியது. விடுதியே கத்தியது. நானும் கத்தினேன் என்கிறார்கள்.

இரண்டு செட்டும் தோற்றோம், மோசமாக. முடிந்ததும் எல்லாருமாக ரிஜ்வானைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினோம். லோகு திகைத்துப்போய் நடுவரிடம் போனான். “சார், நாங்க தானே ஜெயிச்சோம்?”

தாளாளர் மட்டும் நின்ற இடத்தில் நின்றார். “அந்தப் பசங்க பேட்டுல நம்ம ஸ்கூல் பேரு எழுதியிருக்கு.”

“ஆமாம் சார்.”

“எப்படிப் போச்சு?”

“தேவை இருந்தது சார்.”

ஜூலை 24, வியாழன்

தாளாளர் பேசவில்லை. விடுதி முழுக்கத் தோள்வலி, தைலம் தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 2, சனி

மாவட்டப் போட்டிக்கு எங்கள் கோட்டில் பயிற்சி எடுக்கலாமா என்று சுமலதா நேரில் வந்து தாளாளரிடம் கேட்டார். பேட்டில் நம் பெயர் இருக்கிறதே, ஜெயித்தால் போட்டோவில் விழுமே என்று தாளாளர் யோசித்திருக்க வேண்டும். அனுமதித்தார்.

இன்று மாலை இரண்டு பள்ளிப் பையன்களும் கலந்து ஆடினார்கள். கோட்டோரம் விழுந்த ஒரு பந்துக்குச் சண்டை. “உள்ள விய்ந்துச்சுடா!” என்றான் லோகு. “போடா, கண்ணு தெரிலயா? அவுட்டு!” என்றான் ரிஜ்வான். எங்கள் கோட்டில் கேட்ட முதல் சண்டை. மாடியிலிருந்து தாளாளர் இறங்கி வந்தார். எல்லாரும் அடங்கினார்கள்.

“பந்து உள்ளதான்யா விழுந்துச்சு,” என்றார்.

“சார், நீங்க மாடில நின்னுகினு இன்னாத்த பாத்தீங்க? அவுட்டு சார்!” என்றான் ரிஜ்வான்.

தாளாளரிடம் இந்தப் பள்ளியில் யாரும் அப்படிப் பேசியதில்லை. நான் தூண் மறைவுக்கு நகர்ந்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கோட்டோரமாகக் குந்தினார்.

“சரி, இப்ப போடு,” என்றார். “பாக்கிறேன்.”