பேட்ஜுக்கு லீவு

என் ஆசை அண்ணா,

நீ போய் இரண்டு வருடம் ஆகிறது. இத்தனை நாள் உன்னை நினைத்து அழத்தான் செய்தேன். இன்றைக்குச் சண்டை போட வந்திருக்கிறேன். பாதிச் சண்டை உன்னோடுதான், காதைப் பொத்திக்கொள்ளாதே.

போன வாரம் அண்ணியைக் கூட்டிக்கொண்டு உன் காண்ட்ராக்டர் அலுவலகத்துக்குப் போனேன். உன் விரல்கள் எப்படி வெந்தன என்பதைப் பதிவேட்டில் எழுதச் சொன்னேன். வேறெதுவும் கேட்கவில்லை. அங்கிருந்த அதிகாரி சூசை என்ற உன் பெயருக்கு நேரே விரலை ஓட்டினார். வரிசையாகப் பூஜ்யம்.

"கதிர்வீச்சே படலன்னு பேட்ஜ் சொல்லுதும்மா. மிஷின் பொய் சொல்லுமா?" என்றார். நாற்காலியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மிஷின் பொய் சொல்லாதுதான். அதை எங்கே வைத்தார்கள் என்று அவர் சொல்லவில்லையே?

வடக்குத்து ஷெட்டில் இரும்புக் குழாய்களின் வெல்டிங்கைக் கதிர்வீச்சு விட்டுப் படம் எடுப்பது உங்கள் வேலை. உடம்பில் எவ்வளவு பட்டது என்று காட்டத்தான் சட்டையில் குத்திக்கொள்ள அந்தப் பேட்ஜ். அளவு ஏறினால் ஆளை நிறுத்திவைக்க வேண்டும். அதனால் அதைக் காலண்டர் ஆணியில் மாட்டிவிட்டு வேலைக்குப் போகச் சொன்னான் உங்கள் சூப்பர்வைசர். நீங்களும் அதற்கொரு பெயர் வைத்தீர்கள். மந்தாரக்குப்பம் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே, "இன்னிக்கும் பேட்ஜுக்கு லீவு, எனக்குத்தான் டபுள் ஷிப்ட்டு" என்பாய். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

கதிர் வீசும் அந்தச் சின்ன உலோகக் குண்டு, அதை அடைத்துவைக்கும் பெட்டிக்குள் திரும்பாமல் சிக்கிக்கொண்ட அன்று, கையால் தள்ளிவிட்டவன் நீ. பேட்ஜ் ஆணியில் பத்திரமாக இருந்தது. சில நாளில் விரல்கள் கொப்பளித்தன. சூடான குழாயைத் தொட்டுவிட்டேன் என்று எங்களிடம் ஏன் சொன்னாய்? யாரைக் காப்பாற்ற? உன் சாவு வீட்டில், உன்னோடு வேலை பார்த்த ஆறுமுகம் அண்ணன் வாய்விட்டு அழுதபோதுதான் எங்களுக்கு உண்மை தெரிந்தது.

ரத்தத்தில் வந்து உன்னைக் கொண்டுபோன நோய்க்கு அதுதான் காரணமா என்று டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. நானும் அதில் வம்புக்குப் போகவில்லை. ஆனால் எதுவுமே நடக்கவில்லை என்று எழுத இவர்கள் யார்?

என் சேதியைக் கேள். நான் வேலை பார்க்கும் கல்லூரி லேபில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் இழை வந்திருக்கிறது. கதிர்வீச்சு பட்டால் உள்ளே பொட்டு வெளிச்சம் மின்னும். நம் கண்ணுக்குத் தெரியாது. அந்த வெளிச்சம் இழை வழியாகவே ஓடி அடுத்த அறைக்குப் போகும். அங்கே ஒரு கருவி அதை எண்ணும். பேட்ஜைச் சோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம், பட்ட அந்த நொடியே எண் ஏறும். அன்று உன்னோடு நின்ற ஆறுமுகம் அண்ணனை வரவழைத்துக் காட்டினேன்.

"இது இருந்திருந்தா எங்கண்ணன் தப்பிச்சிருக்கும்ல?"

ஏறுகிற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆணியில மாட்னா இதுவும் ஆணிக்குத்தான் எண்ணும், தங்கச்சி."

எனக்குச் சுருக்கென்றது. "அப்ப அன்னிக்கு நடந்தத நீங்கதான் எழுதித் தரணும்ண்ணே."

"காண்ட்ராக்டர் நாளைக்கே நிறுத்திப்புடுவான். புள்ளைங்கள வச்சிகினு எங்க போவேன்?"

"உங்க பேட்ஜும் அதே ஆணியிலதானே தொங்கிச்சு?" என்று கத்திவிட்டேன். அவர் எழுந்து போய்விட்டார். அவரிடம் கத்தியது நியாயமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

இன்று காலை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. நான்காக மடித்த தாளை நீட்டினார். நடந்தது அத்தனையும் கோணல் எழுத்தில் இருந்தது. கையெழுத்துக்கு மேலே கடைசி வரி: 'அன்று ஆணியில் தொங்கிய பேட்ஜ் இரண்டு. ஒன்று சூசையுடையது. ஒன்று என்னுடையது.'

நாளை இந்தத் தாளோடு அதே அதிகாரியிடம் போகிறேன். இதற்காக ஆறுமுகம் அண்ணனை நிறுத்தினார்கள் என்றால் அவருக்காகவும் நானே மனு எழுதுவேன். அந்தப் பூஜ்யம் ஆணி வாங்கியது, நீ வாங்கியதல்ல. உன் பெயருக்கு நேரே அதை இருக்க விடமாட்டேன், சத்தியம்.

உன்னோடு சேர்ந்து சிரித்த,
தங்கச்சி பிலோமினா