அட்டைப்படம் ஏறிடுச்சு

என்னங்க,

"அடிச்சா கதவு பயந்து திறந்துடுமாப்பா?"ன்னு நம்ம பொண்ணு சின்ன வயசுல கேட்டா. நேத்து உங்களைப் பார்த்து என் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டா.

ஃபைல் ஏறலைன்னா நெட்டை அவ தின்னுடறாளாம்! அவ போனைச் சுவத்துல அடிச்சு நொறுக்கினீங்க. கதவைக் குத்திக் கையைக் கிழிச்சுக்கிட்டீங்க. நெட் நல்லாத்தான் இருக்கு. ஃபைல் அளவு பத்து எம்பிக்கு மேல இருந்தா உங்க பத்திரிகை சைட் வாங்காது. உங்க அட்டைப்படம் நாற்பது. சுருக்கி ஏத்திட்டேன், இதழ் வந்துடுச்சு.

எழுந்ததும் கைக்கட்டுத் துணியை மாத்துங்க. சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். சாமிகிட்ட மன்னிப்புக் கேட்கிறதுக்கு முன்னாடி அவகிட்ட கேளுங்க.

பி.கு.: வேலைக்குக் கிளம்புறப்போ அவ தலையணைக்கடியில உங்க போனைப் பார்த்தேன். அவ நம்பருக்குக் கூப்பிட்டேன், அதுதான் அடிச்சுது. ராத்திரியே அவ சிம்மை அதுல போட்டு வெச்சிருக்கீங்க. நான் எதையும் பார்க்கலைன்னே வெச்சுக்கோங்க.